தண்ணீர் எங்கே நிற்கிறது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்பவை. பள்ளிப் பாடத்தில் படித்ததில் குடமும் ஓலையும்தான் பலருக்கும் நினைவில் நிற்கின்றன. ஓலையில் பெயர் எழுதப்பட என்ன தகுதி வேண்டும் என்ற பகுதிதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். கூடவே, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அப்படித் தேர்வானவர்களில் ஒரு குழுதான் ஏரி வாரியம். ஊர் ஏரியான வைரமேக தடாகத்தைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. பதவிக்காலம் 360 நாள். அடுத்த ஆண்டு ஆட்கள் மாறுவார்கள், வேலை மாறாது.

ஏரி என்றால் வரத்து, கரை, மதகு, கலங்கல். கலங்கல் அடைத்துக்கொண்டால் கரை உடையும் என்பதை இந்தப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டு மொட்டைமாடியும் அப்படி ஒரு சின்ன ஏரிதான். கைப்பிடிச் சுவர்தான் கரை. மழைநீர்க் குழாயின் வாய்தான் கலங்கல். ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும், மாடியில் நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் வேறுபாடு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். ஆவணியும் புரட்டாசியும் நமக்கு இருக்கிற அவகாசம். அந்த இரண்டு மாதத்தில், ஓர் ஏணி, ஒரு கரண்டி, இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தால் வீட்டுக்கு நம் கையாலேயே எவ்வளவு செய்ய முடியும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எதைத் தொடக் கூடாது என்பதையும்.

பல வருடம் முன்பு எங்கள் வீட்டு நடு அறையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒழுகியது. அந்த இடத்துக்கு நேர்மேலே மாடியில் சிமெண்டைக் குழைத்து அப்பினேன். அடுத்த மழையிலும் ஒழுகியது. மறுபடி அப்பினேன். மூன்றாவது முறை, எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வேலை செய்த வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணி எங்க ஒழுவுதுன்னு பாக்காத. எங்க நிக்குதுன்னு பாரு." மாடியின் கிழக்கு மூலையில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பள்ளம் இருந்தது. ஒழுகிய இடத்திலிருந்து எட்டடி தள்ளி. அங்கே தேங்கிய தண்ணீர் தட்டோட்டுக்கு அடியில் புகுந்து, அங்கே இருக்கும் சுருக்கிக் காரைக்குள்ளேயே நடந்து, கான்கிரீட்டில் ஒரு சந்து கிடைத்த இடத்தில் கீழே இறங்கியிருக்கிறது. நான் சிமெண்டு அப்பியதெல்லாம் அதன் வழியில் இல்லவே இல்லை.

ஆகவே முதல் வேலைக்குக் கரண்டியே வேண்டாம். மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் வற்றாத பள்ளங்கள்தான் உங்கள் எதிரி. கோடை மழை ஒன்று பெய்தாலே இதைச் செய்துவிடலாம். மழை வரவில்லை என்றால் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிப் பார்க்கலாம். குழாய் வாயை அடைத்து மாடி முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் கவனம் வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் எடை 2,300 கிலோவுக்கு மேல். புதிய கான்கிரீட்டுத் தளம் தாங்கும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும், கம்பி வெளியே தெரியும் தளத்திலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. மற்ற வீடுகளிலும் ஈரச் சாக்கால் சின்ன வரப்பு கட்டி, ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் சோதிப்பது நல்லது.

பள்ளம் எங்கே என்று தெரிந்த பிறகு வாட்டம் சரியா என்று பார்க்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். இதை அளக்க ரசமட்டம்கூடத் தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே டியூப் மட்டம், அந்தக் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாயை மூலைக்கு மூலை எட்டும் நீளத்துக்கு வாங்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு நுனியைக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒருவர் பிடிக்க, மறு நுனியை எதிர் மூலையில் நீங்கள் பிடியுங்கள். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டம் வரை இரண்டு இடத்திலும் அளந்தால் கிடைக்கிற வித்தியாசம்தான் வாட்டம். குழாய் வாய்ப் பக்கத்தில் அளவு அதிகமாக வர வேண்டும். அப்போதுதான் தரை அங்கே தாழ்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் மறு நுனியை அவர்களிடம் கொடுங்கள். பௌதிகப் பாடம் ஒன்று வீட்டு மாடியிலேயே முடிந்துவிடும்.

சின்னப் பள்ளம் என்றால் நாமே நிரப்பலாம். அந்த இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பாசியும் தூசியும் போகக் கழுவி, ஈரம் காயும் முன் சிமெண்டுப் பால் தெளித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தைப் பூச வேண்டும். நீர்க்காப்புக் கலவையை அதன் பையில் சொல்லியிருக்கும் அளவிலேயே சேருங்கள். கூடப் போட்டால் கூடுதல் பலன் வராது. அளப்பதற்குப் பாண்டு போதும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பாண்டு. பூசியபின் ஈரச் சாக்கைப் போட்டு ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாமே செய்யும் வேலை பலவும் கெடுவது இந்த இடத்தில்தான். பூசும்போது இருக்கிற உற்சாகம் நாலாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது இருப்பதில்லை. சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் கெட்டியாகிறது. தண்ணீர் கிடைக்காவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். மேலே முடி அளவு விரிசல் ஓடும், அதன் வழியே மழை மறுபடி புகும்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது இந்தப் பக்கம் ஆற்றுமணல் கிடைப்பது அரிது, எம்-சாண்ட்தான் எங்கும். அது மோசமில்லை. ஆனால் கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று கொடுத்துவிடுவது நடக்கிறது. வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல், முக்கால் வரை உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் கீழே படியும், மாவு போன்ற மண்டி அதற்குமேல் தனி அடுக்காகப் படியும். மண்டியின் உயரம் மணல் உயரத்தில் 100-க்கு 8 பங்கைத் தாண்டினால் அந்த மணல் பூச்சுக்கு ஆகாது. சிமெண்டைப் பொறுத்தவரை, மூட்டைக்குள் கைவிட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், கட்டி தட்டியிருக்கக் கூடாது. போன பொங்கலுக்கு மிஞ்சிய அரை மூட்டையை நம்பி மாடி வேலையைத் தொடங்காதீர்கள்.

மாடியில் தண்ணீர் நுழைய இன்னும் இரண்டு வழி உண்டு. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை ஒன்று. வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சுவர் அதே அளவுக்கு நகர்வதில்லை. நாளடைவில் அந்த மூட்டு விட்டுக்கொடுத்துவிடும். அந்த மூலை நெடுகச் சாந்தை வளைவாகப் பூசி, செங்கோணத்தை வளைவாக மாற்றிவிட்டால் தண்ணீர் அங்கே தங்காது. இன்னொரு வழி, அரசும் ஆலும். பறவை எச்சத்தில் வந்து விழும் விதை, கைப்பிடிச் சுவரின் ஒரு கீறலில் முளைக்கும். இலையை மட்டும் கிள்ளிவிட்டால் வேர் இன்னும் பருத்துக் கிளைக்கும். மழை முடிந்து சுவர் ஈரமாக இருக்கும்போது, விரல் நீளச் செடியாக இருக்கையிலேயே வேரோடு இழுத்துவிட வேண்டும். பென்சில் தடிமன் ஆகிவிட்டால் சுவரைக் கொஞ்சம் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தயங்காமல் உடையுங்கள். பத்து வருடம் கழித்து அது சுவரையே பிளக்கும். கோபுரங்களுக்கு அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

மாடியிலிருந்து கீழே இறங்கிச் சுவருக்கு வருவோம். எனக்கு நிறையச் சொல்ல இருப்பது இங்கேதான். சுவரின் அடிப்பகுதி பொரிந்து, உப்புப் பூத்து, பெயிண்டு சுருண்டு விழுவதை ஓதம் என்கிறோம். கிராமத்தில் பத்து வீட்டில் ஆறேழு வீட்டிலாவது இது கண்ணில் படுகிறது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மேலேறுகிறது. சுவர்முகத்தில் தண்ணீர் ஆவியாகிறது. அதோடு கரைந்து வந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளரும்போது பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெயிண்டு உரிவது பெயிண்டின் குற்றமில்லை.

ஈரம் மண்ணிலிருந்துதான் வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று சந்தேகம் இருந்தால் ஓர் எளிய சோதனை. ஒரு சாண் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் இருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. சன்னலைத் திறந்து வைப்பதே அதற்கு வைத்தியம்.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால், முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பல ஊர்களில் தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போட்டார்கள், சில வருடம் கழித்து அதன்மேல் இன்னொன்று போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தெரு உயர, வீடு தாழ்ந்தது. முன்பு மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான். அடித்தளத்துக்கு மேலே இருக்க வேண்டிய சுவர் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. இதற்குச் செய்யக்கூடியது, சுவரை ஒட்டிச் சேர்ந்திருக்கும் மண்ணையும் குப்பையையும் வெட்டி எடுத்து, ஓரடி அகலத்துக்குச் சின்னக் கால்வாய் தோண்டி, அடியில் வாட்டம் கொடுத்து, உடைத்த செங்கல் ஜல்லியால் நிரப்புவது. இறவாணத்துத் தண்ணீர் சுவரடியில் விழாமல் அதில் விழுந்து ஓடிவிடும். தூவானமும் சுவரில் தெறிக்காது. சுவர் ஓரம் நட்ட செம்பருத்தியையும் வாழையையும் நாலடி தள்ளி நட்டுவிடுங்கள். ஒரு வெயில் காலம் முழுவதும் சுவரைக் காயவிட்டு, அதன்பிறகு பூச்சைப் பற்றி யோசிக்கலாம். இந்தக் காத்திருப்புக்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

என்ன பூசுவது? செம்மண் சுவரோ, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரோ என்றால் சிமெண்டுப் பூச்சு பூசாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். பழைய சுவர் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்டுப் பூச்சு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் போகாது, இன்னும் உயரே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் வெளியே வரும். இடுப்பு உயரம் வரை சிமெண்டு பூசினால் அடுத்த வருடம் தோள் உயரத்தில் சுவர் பொரியும். மேலும் சிமெண்டு கெட்டி, பழைய செங்கல் மெத்து. இரண்டும் உரசும்போது உடைவது மெத்தானதுதான். ஒட்டுப்போடும் பொருள் சுவரைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. உடைந்தால் ஒட்டு உடையட்டும், சுவர் நிற்கட்டும்.

உத்திரமேரூரிலேயே இதற்குச் சான்று உண்டு. சிதைந்து கிடந்த கைலாசநாதர் கோயிலை ரீச் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு சீரமைத்தபோது, பழைய முறையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையைத்தான் பயன்படுத்தினார்கள். வீட்டுச் சுவருக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலந்து நன்றாக மிதித்துக் குழைத்த சாந்து போதும். மெதுவாகத்தான் கெட்டியாகும். அவசரப்படுத்தக் கூடாது.

பூச்சுக்கு மேல் வெள்ளையடிப்பது. பெயிண்டுக் கடைகள் வந்தபின் இது ஏழை வீட்டு வேலை என்று ஆகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. சுண்ணாம்பில் நடப்பது அருமையான வேதியியல். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு போய்விடுகிறது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறுகிறது. அதைச் சுவரில் அடித்தால், காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. சுவரின்மேல் நாம் பூசுவது நிறம் அல்ல, மெல்லிய கல். அது ஈரத்தை உள்ளே அடைக்காது. கடும் காரத்தன்மை இருப்பதால் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அண்டாது.

செய்முறையில் கவனம் வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்பு டிரம்மோ தொட்டியோ வேண்டும். பிள்ளைகளும் ஆடுமாடும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கைக்கு உறை போடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு தானே என்று எண்ணிவிடாதீர்கள். இது பார்வையையே பறிக்கக் கூடியது.

ஒரு நாளாவது ஊறவிடுங்கள், நாலைந்து நாள் ஊறினால் இன்னும் நல்லது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். ஒட்டுவதற்காக அரிசிக் கஞ்சி சேர்ப்பவர்கள் உண்டு, வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றுபவர்கள் உண்டு, ஒரு பிடி உப்புப் போடுபவர்கள் உண்டு. வெண்மை கூடக் கொஞ்சம் நீலம். சுவரைத் தேய்த்துத் தூசி தட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். அடிக்கும்போது தண்ணீர் போலத் தெரியும், போதவில்லை என்று தோன்றும். காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அதற்குள் அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் செதிள் செதிளாக உரியும். மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். ஏற்கெனவே எமல்ஷன் அல்லது ஆயில் பெயிண்டு அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்தால்தான் முடியும். மிஞ்சிய சுண்ணாம்பை மாடியில் அடித்துவிடுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். அடுத்த சித்திரையில் கீழ் அறையில் படுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வேலை வேறு. நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து சும்மா உட்கார்ந்திருப்பது. காற்றும் பூனையும் குரங்கும் நகர்த்திவிடும். பகலில் வீட்டுக்குள் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு மேலே பாருங்கள். ஒளிப்புள்ளி தெரிகிற இடமெல்லாம் மழைத்துளி வருகிற இடம். உள்ளே இருந்து ஒருவர் குச்சியால் தட்டிக் காட்ட, வெளியே ஏணியில் நிற்பவர் ஓட்டை நகர்த்தலாம். ஓட்டின்மேல் காலை வைக்காமல், கைமரம் போகும் வரிசையில் பலகை போட்டு அதன்மேல் முட்டியிட வேண்டும். கைமரத்தையும் ரீப்பரையும் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். மண் உதிர்ந்தால் கரையான், மாவாக உதிர்ந்தால் உளு. கரையான் ஏறும் மண்குழாயைத் தடவி அழிப்பது மட்டும் போதாது, அது தரையிலிருந்து புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு பூச்சு அடித்த மரம் நெடுநாள் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். உத்தரமே உளுத்திருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

ஏணியைச் சுவரில் சாய்க்கும்போது நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி அதன் கால் இருக்க வேண்டும். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பிக்குப் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம், மூங்கில் ஏணியும் ஈரமாக இருந்தால் வேண்டாம்.

இனி விரிசல். எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் வலை போல ஓடுவது அழகுக் குறைதான். கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, அடித்தளம் ஒரு பக்கம் அசைகிறது என்பதன் அடையாளம். ஏரிப் பாசனத்து வயலைத் தூர்த்து மனையாக்கிய இடங்களில் அடியில் களிமண். அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீடும் கூடவே அசையும். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பட்டை குறுக்கே பூசுங்கள். ஆறு மாதத்தில் பட்டை வெடிக்காவிட்டால் விரிசல் அடங்கிவிட்டது, வெட்டி அடைத்துவிடலாம். வைகாசியில் விரிந்து கார்த்திகையில் மூடினால் அது மண்ணின் மூச்சு, கெட்டிச் சாந்து அங்கே நிற்காது, சுவரடியில் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. கோடு தாண்டி நீண்டுகொண்டே போனால், அல்லது விரல் நுனி நுழைகிற அளவு அகன்றால், பொறியாளர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

அதே எச்சரிக்கை தொகுப்பு வீடுகளுக்கும். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் தொடங்கியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் கட்டிய கான்கிரீட்டுக் கூரைகள் பலவற்றில் இப்போது அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. கம்பி துருப்பிடித்தால் துரு, முன்பிருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒரு கோலால் கூரையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நலம், பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டிருக்கிறது. கையகல இடம், கம்பி இன்னும் தடிமன் குறையாமல் இருக்கிறது என்றால், உதிர்வதைத் தட்டி எடுத்து, துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துரு எதிர்ப்புப் பூச்சு அடித்து, சாந்து பூசலாம். அதற்குமேல் என்றால் கீழே கட்டில் போடாதீர்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியரைப் பார்த்து மனுக் கொடுங்கள். குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட்டு வீடு கட்டிக்கொள்ள 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. உங்களுக்குத் தகுதி உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மேலே பூசி மறைத்த கூரை எந்த நேரம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மின்சாரத்தில் நாமாகச் செய்யக் கூடியவை மூன்றுதான். பல்பு மாற்றலாம். டிரிப்பரில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம், உடனே மின்சாரம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது பழுது. கோடையில் எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றலாம், காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக இழுக்காது. ஈரச் சுவரில் சுவிட்சைத் தொடும்போது சுள்ளென்று அடித்தால் அன்றே மெயினை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கடைசியாக, குழாய் வழியே இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது? தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அவசரத்தில் தோண்டிய குழிகள் பல இன்று தூர்ந்து, மேலே துளசிமாடம்கூட வந்துவிட்டது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். ஆண்டு முழுவதும் சேர்த்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். கொல்லையில் கிணறு இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய வரவு இல்லை. குழிக்கு மூன்றடி ஆழம் போதும். அடியில் கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். குழியின் அடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய். மேல் மணலை ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து அலசிப் போட வேண்டும், அதுவும் புரட்டாசி வேலைதான். மாடியிலிருந்து வரும் குழாயில் குழிக்கு முன்னால் ஒரு திருப்பு வையுங்கள். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் கழுவி வரும், அதை வாழைக்கு விட்டுவிடுங்கள். மாடி சுத்தமாகி, குழாயில் தெளிந்த தண்ணீர் வரத் தொடங்கியதும் திருப்பைக் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள்.